ஆறு மணிக்கு வந்தவர்கள்

எங்கள் அலுவலகத்தில் ஓர் இணையதளத்தை எழுதி முடித்ததும் டெஸ்டிங் அக்கா எல்லோரையும் கைவேலையை நிறுத்தச் சொல்வார். மொத்தம் ஒன்பது பேர் இருந்தோம். ஆளுக்கொரு கணினி, ஆளுக்கொரு செல்போன் என்று பதினெட்டு ஆகிவிடும். அது போதாதென்று கீழே உரக்கடையில் சீட்டு எழுதுகிறவரையும், டம்ளர் எடுக்க வந்த டீக்கடை அம்மாளையும் மேலே கூப்பிட்டு உட்காரவைப்பார். பிறகு கையைத் தூக்கிக்கொண்டு நடுவில் நிற்பார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றில் எல்லோரும் ஒரே சமயத்தில் பக்கத்தைத் திறக்க வேண்டும்.

டீக்கடை அம்மாள் எப்போதும் நான்கில்தான் அழுத்துவார். ஒருநாள் அதற்காக வெட்கப்பட்டுச் சிரித்தபோது, "நீங்க அப்படியே அழுத்துங்க. ஊர்ல பாதிப் பேரு நாலுலதான் அழுத்துவாங்க" என்று அக்கா சொல்லிவிட்டார்.

எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் கேட்பது ஒரே கேள்விதான். "யாருக்கு வரல?"

யாருக்கு வந்தது என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. எட்டுப் பேர் எங்களுக்கு வந்துவிட்டது என்று கையைத் தூக்கினாலும் அந்தப் பக்கம் திரும்பமாட்டார். வராத ஒருவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். சில சமயம் அரை மணிநேரம் அங்கேயே நிற்பார். முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு முதுகு கூசும்.

எல்லோரும் அவரை டெஸ்டிங் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நான் அவரைவிட ஒரு வயது மூத்தவன், அலுவலகத்தில் நிரல் எழுதுகிறவர்களுக்குத் தலைவனும்கூட. ஆனாலும் எனக்கும் அவர் அக்காதான். அவர் என்னை சார் என்பார். பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் ஏழு வருடம் சோதனை வேலை பார்த்தவர். மாமனார் படுக்கையில் விழுந்தபோது பாப்பாரப்பட்டிக்குத் திரும்பியிருக்கிறார். கணவர் அங்கே மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். அக்கா தினமும் காலையில் டவுன் பஸ்ஸில் அலுவலகம் இருந்த தர்மபுரிக்கு வருவார், ஆறரை மணி பஸ்ஸில் திரும்புவார்.

அந்த ஆறரை மணி பஸ்ஸில் நானும் சில நாள் அவரோடு போயிருக்கிறேன். கூட்டம் முண்டியடித்து ஏறும். பஸ் கிளம்பும்போது உள்ளே இடம் பிடித்தவர்கள் பெருமூச்சு விட்டுக்கொண்டு முன்னால் பார்ப்பார்கள். அக்கா ஜன்னல் வழியாகப் பின்னால் பார்ப்பார். ஏற முடியாமல் நின்றுவிட்டவர்களை எண்ணுவார். "பதினோரு பேரு" என்பார் என்னிடம். நான் தலையாட்டுவேன். அடுத்த பஸ் முக்கால் மணிநேரம் கழித்துத்தான் என்பது எனக்கும் தெரியும்.

இந்தக் குணத்தோடு பக்கத்தில் இருப்பது சுலபமாக இல்லை. எங்கள் முதலாளி மகள் கல்யாணத்தில் ஆயிரம் பேர் சாப்பிட்டார்கள். எல்லோரும் சாப்பாட்டைப் பாராட்டிக்கொண்டிருந்தபோது அக்கா சமையல்காரரிடம் போய், கடைசிப் பந்தியில் எத்தனை பேருக்குப் பாயசம் இல்லாமல் போனது என்று விசாரித்தார். முதலாளியின் மனைவி காதில் அது விழுந்து, கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எழுதிய முதல் பக்கத்தை எல்லோர் முன்னாலும் பத்துத் தடவை வேலை செய்யாமல் விழவைத்து அவளை அழவிட்டார். அழுகிறாளே என்று நான் சொன்னபோது, "இவ இங்க அழட்டுங்க. நாளைக்கு யாரோ ஒருத்தரு வூட்ல உக்காந்து அழக்கூடாது" என்றார். அந்தப் பெண் இரண்டு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டாள். அக்கா யாரையும் பாராட்டிப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு வேலை நன்றாக இருந்தால் பேசாமல் அடுத்ததை எடுத்துக்கொள்வார்.

எனக்கும் அவருக்கும் நடுவே நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓர் இணையதளம் ஒருவருக்கு ஒழுங்காக வேலை செய்யும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தால் விழுந்துவிடலாம். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஆயிரம் பேரைக் கூட்டிவர முடியாது. அதனால் ஆயிரம் பேர் வந்ததுபோல் பாவனை செய்கிற ஒரு மென்பொருளை ஓடவிடுவோம். லோடு டெஸ்டிங் என்பது அதுதான். நான் அதை ஓடவிட்டால் ஒவ்வொரு பாவனை ஆளும் ஒழுக்கமாக வருவார். முதலில் பக்கத்தைக் கேட்பார். அது வந்தபின் முதல் படத்தைக் கேட்பார். அதுவும் வந்தபின் இரண்டாவது. ரேஷன் கடையில் வரிசையில் நிற்கிற மாதிரி.

அக்காவுக்கு இது பொறுக்காது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்து, அது எந்தெந்தக் கோப்பை எந்த நொடியில் கேட்டது என்று காட்டுகிற பட்டியலையும் திறந்தார். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கோடு. முதல் கோடு தனியாக இருந்தது. அதற்குக் கீழே ஆறு கோடுகள் ஒரே இடத்தில் தொடங்கின. அதில் ஒன்று முடிந்த இடத்தில் ஏழாவது தொடங்கியது. அவர் விரலை அந்த ஆறு கோடுகளின் தொடக்கத்தில் வைத்து மேலும் கீழுமாக இழுத்தார்.

"பிரவுசரு ஒரு கையை நீட்டிட்டு நிக்காதுங்க சார். ஆறு கையையும் ஒண்ணா நீட்டும். நீங்க ஐந்நூறு பேருன்னு டெஸ்ட் பண்றீங்க. வாசல்ல நிக்கப்போறது மூவாயிரம் கை."

அவர் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். அந்த மென்பொருளில் அதற்கென்று ஓர் அமைப்பு உண்டு. ஒவ்வொரு பாவனை ஆளும் ஒரே நேரத்தில் ஆறு கோரிக்கை அனுப்பட்டும் என்று அதில் சொல்லலாம். ஆனால் அப்படிச் செய்தால் சோதிக்கிற கணினியே திணறும். மூன்று நான்கு கணினிகளைச் சேர்த்து ஓட்ட வேண்டும். எல்லோர் வேலையும் இரண்டு நாள் நிற்கும். அதனால் நான் ஒவ்வொரு முறையும் அடுத்த முறை பார்க்கலாம் என்று சொல்லிவந்தேன். ஒன்றும் விழவில்லை. கூட்டம் வராத தளங்கள் அவை.

கூட்டம் வருகிற தளம் ஒன்று வந்தது. மாவட்டத்தில் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள் நிறைய. தர்மபுரிக்கு வெளியே தனியார் சிலர் சேர்ந்து பட்டுக்கூடு மண்டி ஒன்று நடத்தினார்கள். விவசாயிகள் கூட்டை மூட்டை கட்டிக் கொண்டுவந்து வாசலில் நாள் கணக்கில் காத்துக்கிடந்தார்கள். அதைத் தவிர்க்க, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அந்த வாரத்துக்கான டோக்கன்களை இணையத்தில் கொடுப்பது என்று மண்டிச் செயலாளர் முடிவு செய்தார். டோக்கன் இல்லாமல் வாசலுக்குள் விடமாட்டார்கள். டோக்கன் கிடைக்காதவர் அடுத்த ஞாயிறுவரை பொறுக்க வேண்டும். ஆனால் கூடு பொறுக்காது. அறுவடை செய்து ஐந்தாறு நாள் போனால் உள்ளே இருக்கிற பூச்சி கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். துளை விழுந்த கூட்டில் நூல் எடுக்க முடியாது. ஒரு மாத உழைப்பு அதோடு சரி.

அந்தப் பக்கத்தை நான்தான் எழுதினேன். முதலில் செல்போன் எண்ணையும் ஊரையும் கேட்கும். அடுத்த பக்கத்தில் நாளைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். மண்டி திறப்பு விழாப் படங்கள் நான்கு மேலே பெரிதாக வர வேண்டும் என்று செயலாளர் கேட்டிருந்தார். போட்டேன். பொத்தானை இயக்குகிற கோப்பு அந்தப் படங்களுக்கெல்லாம் பின்னால், கடைசியில் இருந்தது. அக்கா கணக்கெடுத்துப் பார்த்தார். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் நாற்பத்திரண்டு கோப்புகள்.

ஆறு கையோடு சோதிக்க இரண்டு நாள் வேண்டும் என்று கேட்டார். அன்று வெள்ளிக்கிழமை, முதல் டோக்கன் அந்த ஞாயிறே. செயலாளர் முதலாளி அறையில் உட்கார்ந்து சோதனை அறிக்கைக்காகக் காத்திருந்தார். நான் என் வழக்கமான சோதனையை ஓட்டி முடித்திருந்தேன். எல்லாம் பச்சையாக இருந்தது. கீழே அக்காவின் கையெழுத்து மட்டும் வேண்டும்.

"ஒரு ஆள் ஒரு கையோட வந்தாத் தாங்கும்னு எழுதட்டுங்களா?" என்று கேட்டார்.

அப்படி எழுதினால் அவர்கள் பயந்துவிடுவார்கள் என்றேன். இந்த ஒரு முறை எனக்காகப் போடுங்கள், அடுத்த வாரமே நீங்கள் சொல்கிற மாதிரி சோதித்துவிடலாம் என்றேன். அவர் காகிதத்தை இன்னொரு முறை படித்தார். பிறகு போட்டார். பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் வீட்டிலிருந்து திறந்து பார்த்தேன். மெதுவாக வந்தாலும் வந்தது. நிம்மதியாகக் காபி குடித்தேன். ஆறு இருபதுக்கு அக்காவிடமிருந்து போன். பாப்பாரப்பட்டியில் ஒரு செல்போன் ரீசார்ஜ் கடையில் நின்றுகொண்டிருந்தார். புழு வளர்க்கிறவர்கள் சிலர் அங்கே கூடியிருந்தார்கள்.

"சார், படம் வருது. நாலு படமும் அரையும் குறையுமா வருது. பொத்தான் வரல" என்றார். "வரலைன்னதும் எல்லாரும் மறுபடி மறுபடி திறக்குறாங்க. ஒவ்வொரு தடவைக்கும் மறுபடி ஆறு கை. நான் நிறுத்துங்கன்னா இவங்க நாலு பேரு நிறுத்துவாங்க, மத்தவங்க?"

நான் அலுவலகத்துக்கு ஓடினேன். ஏழு மணிக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் கூட்டம் குறைந்திருந்தது, ஏனென்றால் டோக்கன்கள் தீர்ந்துவிட்டிருந்தன. டவுனில் வேகமான இணைப்பு வைத்திருந்தவர்களும், நாலைந்து போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்த தரகர்களும் எடுத்திருந்தார்கள். கண்காணிப்புத் திரையில் எல்லாம் மறுபடி பச்சை. எட்டு மணிக்குச் செயலாளரே கூப்பிட்டார். ஒரு மணிநேரத்தில் எல்லாம் போய்விட்டது, பிரமாதம் என்றார். திங்கட்கிழமை முதலாளி அலுவலகத்துக்கு மைசூர்பாகு வாங்கிவந்தார்.

அதுதான் இன்றுவரை எனக்கு உறுத்துவது. ஒன்றுமே நடக்காதது போல இருந்தது. டோக்கன் எடுத்தவர்களின் பட்டியல் இருந்தது. எடுக்க முடியாமல் போனவர்களுக்கு எங்கும் பட்டியல் கிடையாது.

அக்கா மைசூர்பாகைத் தொடவில்லை. சர்வரில் பதிவாகியிருந்த கோரிக்கைகளை முழுவதும் இறக்கி வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். முதல் பக்கத்தில் செல்போன் எண்ணைக் கொடுத்துவிட்டு, இரண்டாம் பக்கத்தில் பொத்தான் வராமலே நின்றுபோனவர்களை ஒவ்வொருவராகப் பிரித்தெடுத்தார். மத்தியானம் அச்செடுத்துக்கொண்டு வந்தார். நூற்றி எழுபத்திமூன்று எண்கள், பக்கத்தில் ஊர்ப் பெயர், வந்த நேரம். நிறையப் பேர் ஆறு மணி ஆகி ஒரு நொடி, இரண்டு நொடியில் வந்திருந்தார்கள்.

பிறகு போனை எடுத்து முதல் எண்ணுக்கு அடித்தார். அவர் பேசியது என் மேசைவரை கேட்டது.

"நேத்துக் காலையில ஆறு மணிக்கு டோக்கனுக்கு வந்தீங்கங்களா? படம் வந்து பொத்தான் வராம நின்னுச்சுங்களா? அது உங்க போன் தப்பு இல்லைங்க. உங்க மேலயும் தப்பு இல்லை. நாங்க சரியாச் செய்யல. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். உங்க பேரு சொல்லுங்க."

பேரை எண்ணுக்கு எதிரே எழுதிக்கொண்டார். அடுத்த எண். அதே வார்த்தைகள். சாயங்காலம்வரை அதைக் கேட்டுக்கொண்டு நான் வேலை செய்வதுபோல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் பேசியவர்களில் திட்டியவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலானவர்கள் தங்கள் மேல்தான் பழியைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் போன் பழசு என்று ஞாயிறு மாலையே புதுப்போன் வாங்கிவிட்டாராம். வேறொருவர், வயதானவர், தனக்கு அழுத்தத் தெரியவில்லை என்பதை விட்டு இறங்கிவரவே மாட்டேன் என்றார். அக்கா அவரிடம் கால்மணிநேரம் பேசினார்.

செவ்வாய்க்கிழமை விஷயம் செயலாளர் காதுக்குப் போய், அவர் முதலாளியைக் கூப்பிட்டார். முதலாளி எங்கள் இருவரையும் அறைக்குள் அழைத்தார். அந்த அறிக்கை மேசைமேல் இருந்தது.

"யாரு இதைச் சரின்னு குடுத்தது?" என்று கேட்டார்.

"நான்தாங்க" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அவர் என் பக்கம் திரும்பவில்லை. எனக்காகத்தான் அந்த நேரத்தை விட்டுவைத்தார் என்று பின்னால் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். நான் அறிக்கையின் மேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக் கடன், பிள்ளை படிப்பு என்றெல்லாம் அப்போது மனதில் ஓடியதாகச் சொன்னால் அது பொய். ஒன்றும் ஓடவில்லை. வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

நாமே போய்த் தப்பு செய்தோம் என்று சொன்னால் நாளைக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று முதலாளி சத்தம்போட்டார். இனி ஒருவருக்கும் போன் செய்யக்கூடாது என்றார். இன்னும் எழுபது பேர் இருக்கிறார்கள், முடித்துவிட்டுப் போகிறேன் என்றார் அக்கா. போகிறேன் என்று அவர் சொன்னதை முதலாளி வேலையை விட்டுப் போவதாக எடுத்துக்கொண்டார். அக்காவும் திருத்தவில்லை.

மீதி எழுபது பேரையும் மாடிப்படியில் உட்கார்ந்து தன் சொந்தப் போனில் கூப்பிட்டார். பட்டியலை எடுத்துக்கொண்டு நேராக மண்டிக்கே போய்ச் செயலாளரைப் பார்த்தார். அவர் முதலில் கத்தினார் என்றும், அக்கா பட்டியலை மேசையில் வைத்துவிட்டு அவர் முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார் என்றும் கேள்விப்பட்டேன். வியாழக்கிழமை அந்தப் பட்டியலில் இருந்தவர்களுக்காக மட்டும் மண்டியைக் கூடுதலாக ஒரு வேளை திறந்தார்கள். பெரும்பாலானவர்கள் வந்து விற்றுவிட்டுப் போனார்கள். சிலர் அதற்குள் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை அக்கா வரவில்லை.

அடுத்த வாரம் நான் நான்கு கணினிகளைச் சேர்த்து, ஆறு கையோடு வருகிற ஐந்நூறு பேரை ஓடவிட்டேன். நூற்றி ஐம்பதைத் தாண்டியபோதே திரை முழுவதும் சிவந்துவிட்டது. அக்கா கேட்ட இரண்டு நாளில் தெரிந்துகொண்டிருக்க வேண்டியது அது. படங்களை எடுத்தேன். நாற்பத்திரண்டு கோப்புகளை ஐந்தாகக் குறைத்தேன். பொத்தானை முதலில் வரவைத்தேன். அதன்பின் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் தளம் விழாமல் நின்றது. முதலாளி என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்து வேறு எதையோ தேடும்போது அலுவலகப் பிரதியான அந்த அறிக்கை கோப்பில் கிடைத்தது. அக்காவின் கையெழுத்துக்குக் கீழே பேனாவால் சிறியதாக எழுதியிருந்தது. "இந்தச் சோதனை ஒருவர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கேட்பார் என்ற கணக்கில் நடந்தது. அப்படி யாரும் வரமாட்டார்கள். தெரிந்தே கையெழுத்துப் போட்டேன்." அதற்குக் கீழே முதலாளி எங்களை அழைத்த அந்தச் செவ்வாய்க்கிழமைத் தேதி. என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அதை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். இரண்டு நாள் கேட்டவர் அவர், மறுத்தது நான், கையெழுத்தைக் கேட்டு வாங்கியதும் நான் என்று சொன்னேன். முடிந்துபோனதை இப்போது ஏன் கிளறுகிறாய் என்றார். அப்போது அவருக்கு ஒரு போன் வந்தது. எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டார். நான் வெளியே வந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் பயந்துகொண்டிருந்தது இவ்வளவுக்குத்தான்.

அந்தச் சனிக்கிழமை பாப்பாரப்பட்டி போனேன். அவர் கணவர் வாசலில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னை யார் என்று தெரிந்ததும் எழுந்து நாற்காலி போட்டார். அக்கா உள்ளே கணினியில் இருந்தார். ஓசூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்வதாகச் சொன்னார். மோர் கொடுத்தார். நான் முதலாளியிடம் சொன்னதைச் சொன்னேன். அன்றைக்கு அறையில் பேசாமல் இருந்ததற்கு மன்னிப்பும் கேட்டேன்.

"கஷ்டமாத்தான் இருந்துச்சுங்க சார்" என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, "முதலாளிகிட்டச் சொன்னது யாருக்காகங்க?" என்று கேட்டார்.

உங்களுக்காகத்தான் என்றேன்.

"எனக்கு வேலை கிடைச்சிருச்சு. முதலாளிக்கும் ஒண்ணும் போயிடல." எழுந்துபோய் அந்தப் பட்டியலை எடுத்துவந்தார். மடித்து மடித்துத் துணி மாதிரி ஆகியிருந்தது. நூற்றி எழுபத்திரண்டு எண்களுக்கு எதிரே பெயர் எழுதியிருந்தது. ஒன்றுக்கு மட்டும் இல்லை. "இந்த நம்பரு அன்னையிலிருந்து ஸ்விட்ச் ஆஃப். வாரத்துக்கு ரெண்டு தடவ அடிக்கிறேன். எடுக்கல. ஊரு கம்பைநல்லூர் பக்கம். மாமனாருக்கு இப்ப ரொம்ப முடியல, அவரை விட்டுட்டு என்னால அவ்வளவு தூரம் போக முடியல. நீங்க போறீங்களா?"

மறுநாள் போனேன். கம்பைநல்லூரில் இறங்கி, ஊர்ப் பெயரைக் கேட்டு, ஷேர் ஆட்டோவில் கொஞ்ச தூரம். புழு வளர்க்கிறவர்கள் அந்த ஊரில் ஏழெட்டு வீடுதான். ஒரு பெட்டிக்கடையில் எண்ணைக் காட்டினேன். கடைக்காரர் தன் போனில் அதை அடித்துப் பார்த்து, பெயர் வந்ததும், "இது கடைசி வூட்டு மருமவ நம்பருங்க" என்று வழிகாட்டினார்.

வீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் இருந்தார். பக்கத்தில் புழு வளர்க்கிற கொட்டகை காலியாகக் கிடந்தது. நான் யார் என்று சொல்லி, அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னதும் அவர் முகம் இறுகியது. அந்த வாரம் கூடு முழுவதும் பூச்சி வெளியே வந்து வீணாகிவிட்டது என்றார். புதன்கிழமைவரை மூன்று நாள் மண்டி வாசலில் மூட்டையோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்காரர் திரும்பிவிட்டாராம், வியாழக்கிழமை மண்டி திறந்த சேதி அவர்களுக்கு வரவே இல்லை. மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். போன் எடுத்து டோக்கன் போடுகிற வேலையை மருமகளிடம் விட்டிருக்கிறார்கள், அவள் காலேஜ் படித்தவள் என்று.

"படிச்சவன்னு நம்பிக் குடுத்தோமுங்க. போனை வச்சு ஆடிட்டு நேரத்துக்கு அழுத்தாம விட்டுட்டா. அன்னைக்கே அந்தப் போனைப் புடுங்கி அணைச்சு பீரோவுல வச்சுட்டேன். நானும் அவரும் அவகூடப் பேசறதில்லை" என்றார்.

நான் அவரிடம் சொன்னேன். உங்கள் மருமகள் ஆறு மணி ஆகி ஒரு நொடியில் வந்திருக்கிறாள், அது எங்களிடம் பதிவாகி இருக்கிறது, ஐம்பத்தேழு தடவை திறந்து பார்த்திருக்கிறாள், பொத்தான் வரவில்லை, அது வராமல் போனது என்னால், அந்தப் பக்கத்தை எழுதியவன் நான், சோதித்துப் பார்க்காமல் விட்டவனும் நான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அந்த அம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். உள்ளே கதவுப் பக்கம் ஒரு பெண் நிற்பது தெரிந்தது. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. அந்த அம்மாள் திரும்பாமலே, "வா இங்க" என்றார். அவள் வந்து நிலைப்படியோரம் நின்றாள். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது இருக்கும்.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார் மாமியார் என்னிடம். "இவ கேக்கட்டும்."

நான் எழுந்து நின்று மறுபடி சொன்னேன். இந்த முறை மெதுவாக, அவளைப் பார்த்து. அவள் தரையையே பார்த்துக்கொண்டு கேட்டாள். முடித்ததும், "அஞ்சு அம்பதுக்கே எடுத்து வச்சிட்டு உக்காந்திருந்தேங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்விட்டாள். மாமியார் அவள் பின்னாலேயே போனார். உள்ளே பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பஸ் நிறுத்தத்திலிருந்து அக்காவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். நெஞ்சிலிருந்து எதையோ இறக்கிவைத்த மாதிரி இருக்கிறது என்று நான் சொல்ல வாயெடுத்தேன்.

"பேனா வச்சிருக்கேன், சொல்லுங்க சார்" என்றார். "அந்தப் பொண்ணு பேரு என்னங்க?"

நான் கேட்டிருக்கவில்லை. கடைக்காரர் போனில் பெயர் வந்தபோதுகூட எட்டிப் பார்க்கவில்லை. அதைச் சொன்னேன். தர்மபுரி பஸ் எனக்கு முன்னால் வந்து நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது.

"போய்க் கேட்டுட்டு வாங்க" என்றார் அக்கா. "நான் லைன்லயே இருக்கேன்."